நான்கு மணிக்கு அழித்தவர்

சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை முற்பகல், ராணிப்பேட்டை தொழிற்பேட்டையில் இயங்கும் எங்கள் மென்பொருள் நிறுவனம் தன் வரலாற்றில் முக்கியமான ஒரு முடிவை எடுத்தது. எங்கள் கணினி தானாகவே எழுதித்தரும் கோப்புகள் ஒவ்வொன்றின் தலையிலும், "இது தானாக உருவானது, கை வைக்காதீர்கள்" என்று ஒரு வரி இருக்கும். அந்த வரியின் முன்னால் "தயவுசெய்து" என்ற சொல்லைச் சேர்ப்பது என்று ஏழு பேர் கூடி, ஒரு மணி நாற்பது நிமிடம் விவாதித்து, ஒருமனதாகத் தீர்மானித்தோம். அந்தச் சொல்லுக்குப் பின் காற்புள்ளி தேவையில்லை என்பதும் தீர்மானமாயிற்று.

ஒருமனதாக என்று சொல்ல முடிந்ததற்குக் காரணம், எதிர்த்திருக்கக்கூடிய ஒரே மனிதர் மூன்று வாரமாக வேலூரில் மருத்துவமனையில் படுத்திருந்ததுதான். இதே யோசனை முன்பொருமுறை வந்தபோது அவர் தலையைக்கூடத் தூக்காமல் சொன்னார்: "கெஞ்சினா கேக்க மாட்டாங்க சார். அழிச்சா கேப்பாங்க."

கூட்டத்தின் அடுத்த பொருளுக்கு நகர்ந்தோம். திங்கட்கிழமை ஒரு தோல் ஆலைக்கு நாங்கள் புதிய மென்பொருளைக் கொண்டுபோய் ஏற்ற வேண்டியிருந்தது. அதை யார் சரிபார்ப்பது என்று எம்.டி. கேட்டார். யாரும் பதில் சொல்வதற்குள், எங்களோடு நிரல் எழுதும் டெய்சியின் கைப்பேசி ஒலித்தது. வேலூரிலிருந்து, படுத்திருந்தவரின் மனைவி திருமதி கலாவதி பேசினார்.

"அவரு போய்ட்டாரு டெய்சி. காலைல ஒம்பதே காலுக்கு."

நாங்கள் "தயவுசெய்து" பற்றிப் பேசத் தொடங்கியபோதே பொன்னுரங்கம் அவர்கள் காலமாகியிருந்தார். கூட்டக் குறிப்பில் அவர் பெயருக்கு எதிரே "விடுப்பு" என்று எழுதியிருந்தோம். அதை யாரும் மாற்றவில்லை.

அவரைத் தெரிந்தவர்களுக்கு நான் சொல்லப்போவது எதுவும் புதிதல்ல. தெரியாதவர்களுக்கு அவர் என்ன வேலை பார்த்தார் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் அவருடைய மாமனாருக்கே அது கடைசிவரை விளங்கவில்லை.

தோல் ஆலைகளில் டிரம் என்ற பெரிய மர உருளைகள் உண்டு. படுக்கவைத்த கிணறுபோல இருக்கும். தோலையும் தண்ணீரையும் போட்டுச் சுழற்றிக்கொண்டே, உப்பு, அமிலம், சாயம் என்று உரிய நேரத்தில் உரிய அளவு செலுத்த வேண்டும். அதைச் செய்யும் மின்பெட்டிகளுக்கான நிரலை எங்கள் நிறுவனம் தருகிறது. ஓர் ஆலையில் ஒன்பது டிரம் இருந்தால் ஒன்பதுக்கும் நிரல் வேண்டும். ஒன்பதும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். ஆபத்து அந்த ஏறக்குறையவில் இருக்கிறது. ஆகவே மனிதர்கள் அவற்றை எழுதுவதில்லை. எந்த டிரம்முக்கு எத்தனை வால்வு, எந்தச் சென்சார், எதன் பின் எது என்று ஓர் அட்டவணையை நிரப்பிவைப்போம். ஒரு நிரல் அந்த அட்டவணையைப் படித்து மற்ற நிரல்களை எழுதித்தரும். அப்படித் தானாக உருவானவற்றையும், நாங்கள் கையால் எழுதியவற்றையும் சேர்த்து, ஆலைக்குக் கொண்டுபோய் ஏற்றத்தக்க ஒரே பொருளாகக் கட்டுவதற்கு பில்டு என்று பெயர். அந்த பில்டுக்குப் பொறுப்பாளர் பொன்னுரங்கம்.

தானாக உருவாகும் அந்த ஆயிரக்கணக்கான வரிகளில் எல்லா வரியும் சமமல்ல. டிரம்மின் கதவு திறந்திருக்கும்போது அமில வால்வு திறக்கக் கூடாது என்று சொல்லும் வரி ஒன்று ஒவ்வொரு டிரம்முக்கும் உண்டு. திங்கட்கிழமை நாங்கள் போகவேண்டியிருந்த அந்த ஆலையில் அந்தக் கதவுக்கு எதிரே நின்று, பாதி உடம்பை உள்ளே விட்டுத் தோலை இழுத்துப் போடுகிறவர் பெயர் ஏழுமலை. பொன்னுரங்கத்தின் பதினோரு ஆண்டு வேலையை ஒரே வாக்கியத்தில் சொல்லச் சொன்னால், அந்த வரி ஏழுமலைக்கு முன்னால் காணாமல் போகாதபடி பார்த்துக்கொண்டார் என்று சொல்வேன்.

அவர் எங்களிடம் வருவதற்கு முன் ஆம்பூரில் ஒரு ஷூ தொழிற்சாலையில், பேட்டர்ன் அறையில் இருந்தார். அங்கே ஒரே ஓர் அளவுக்குத்தான் அச்சு வரைவார்கள். ஆண்களுக்கு என்றால் நாற்பத்திரண்டு. மற்ற அளவுகள் எல்லாம் அதிலிருந்து கணக்குப்படி தாமாகப் பிறக்கும். அதற்கு கிரேடிங் என்று பெயர். ஒருமுறை முப்பத்தொன்பதாம் அளவு மட்டும் விரலோரம் பிடித்தது. கட்டிங் மாஸ்டர் பிளேடை எடுத்து முப்பத்தொன்பதின் அட்டையைக் கொஞ்சம் சீவிவிட்டார். ஷூ பொருந்தியது. எல்லோரும் மாஸ்டரைப் பாராட்டினார்கள். அடுத்த பருவத்துக்கு மறுபடி கிரேடிங் செய்தபோது முப்பத்தொன்பது பழையபடி பிறந்து, பழையபடி பிடித்தது. இம்முறை அது பெட்டிபெட்டியாகக் கடல் தாண்டிப் போய்ப் பிடித்தது.

விசாரணையில் பொன்னுரங்கம் சொன்னாராம்: "தப்பு முப்பத்தொம்போதுல இல்ல மாஸ்டர், நாப்பத்திரண்டுல."

"நாப்பத்திரண்டு அட்டகாசமா இருக்குதேபா! போட்டு நடந்து பாரு!"

"நாப்பத்திரண்டுல தப்பு தெரியாது மாஸ்டர். முப்பத்தொம்போதுலதான் தெரியும்."

இதற்காக அவருக்கு அங்கே பாராட்டு எதுவும் கிடைக்கவில்லை. மாஸ்டர் இரண்டு மாதம் அவரோடு பேசவில்லை. பின்பு அந்தத் தொழிற்சாலை கிரேடிங்குக்குக் கணினி வாங்கியது. யாரும் அதன் பக்கம் போகாததால் அவர் போனார். மாலை வகுப்புகளில் நிரல் எழுதக் கற்றார். பட்டம் எதுவும் இல்லாமல், முப்பத்தாறு வயதில், எங்கள் நேர்காணலுக்கு வந்து உட்கார்ந்தார். உங்கள் பலம் என்ன என்று எம்.டி. கேட்டார். "ஒரே வேலைய ரெண்டாவது தடவ செஞ்சா அதே மாதிரி வருதான்னு பாப்பேன் சார்" என்றார். எம்.டி. இதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டு வேலை கொடுத்தார்.

அவர் சேர்ந்த இரண்டாவது வாரம் நடந்ததை நான்தான் எழுத வேண்டும். ஏனென்றால் செய்தவன் நான்.

அதற்கு இரண்டு மாதம் முன்பு நான் ஏழுமலையின் ஆலைக்குப் போயிருந்தேன். ஆறாம் எண் டிரம்மின் கதவில் மட்டும் சென்சார் எதிர்வகையாகப் பொருத்தப்பட்டிருந்தது. கதவு திறந்தால் மூடியிருக்கிறது என்றும், மூடினால் திறந்திருக்கிறது என்றும் சொல்லும். அட்டவணையில் அப்படி ஒரு வகை இருப்பதாகச் சொல்ல இடமே இல்லை. நான் மடிக்கணினியைத் திறந்து, ஆறாம் டிரம்முக்காகத் தானாக உருவாகியிருந்த கோப்புக்குள் போய், "அல்ல" என்று பொருள்படும் ஒரு குறியை அந்த வரியில் சேர்த்தேன். ஓர் எழுத்துதான். எல்லாம் சரியாயிற்று. கை வைக்காதீர்கள் என்ற வரியை நான் படிக்காமல் இல்லை. அது மற்றவர்களுக்குச் சொல்லப்பட்டது என்று எடுத்துக்கொண்டேன்.

அக்காலத்தில் தானாக உருவான கோப்புகளையும் நாங்கள் கையெழுத்துப் பிரதிபோலப் பத்திரமாகச் சேர்த்துவைத்திருந்தோம். அட்டவணை மாறினால் மட்டும் புதிதாக எழுதவைப்போம். பொன்னுரங்கம் சேர்ந்த அந்த இரண்டாவது வாரத்தில் ஒரு நாள், இரண்டாம் எண் டிரம்மின் அலசும் நேரத்தை மாற்றியிருந்தார்கள். கணினி எல்லாக் கோப்புகளையும் புதிதாக எழுதியது. கட்டப்பட்ட மென்பொருளோடு ஒரு பொறியாளர் பைக்கில் ஆலைக்குக் கிளம்பிவிட்டார். எல்லாம் முடிந்த பிறகு பொன்னுரங்கம் உட்கார்ந்து பழைய கோப்புகளையும் புதியவற்றையும் ஒப்பிட்டுக்கொண்டிருந்தார். யாரும் அவரை அப்படிச் செய்யச் சொல்லவில்லை.

பதினொன்றரைக்கு எழுந்து நின்று கேட்டார்: "ரெண்டாம் நம்பர்ல மாத்தம் இருக்குது, அது சரி. ஆறாம் நம்பர்ல ஒரு குறி காணோம். யார் வெச்சது?"

நான் உடனே ஒப்புக்கொண்டேன் என்று எழுத ஆசைதான். பதினொன்று ஐம்பதுக்கு ஒப்புக்கொண்டேன்.

அவர் தொலைபேசியை எடுத்தார். பைக்கில் போனவர் எடுக்கவில்லை. ஆலையின் மேலாளர் எடுக்கவில்லை. யாரோ ஒருவர் டிரம் அறையின் எண்ணையும் அங்கே நிற்பவரின் பெயரையும் தேடிக் கொடுத்தார்.

"ஏழுமலை அண்ணனா? பொன்னுரங்கம் பேசறேன், சாஃப்ட்வேர் கம்பெனிலருந்து. ஆறாம் நம்பர் கதவ தொறந்து வெச்சிருக்கீங்களா?"

"தொறந்துதான்பா இருக்குது. தோல் எடுக்கறேன். உங்காளு ஒருத்தரு வந்து பெட்டில இன்னாவோ ஏத்திக்கினு இருக்காரு."

"தள்ளி வந்துடுங்கண்ணே. மெயின ஆஃப் பண்ணுங்க."

"இன்னாபா பேஜாரு! பாதி தோலு உள்ள கெடக்குது!"

"பாதி தோல் கெடக்கட்டும். நீங்க முழுசா வெளிய வாங்க."

ஏழுமலை வெளியே வந்து மெயினை அணைத்தார். எதுவும் நடக்கவில்லை. எதுவும் நடக்கவில்லை என்பதால் இந்தச் சம்பவம் எங்கள் நிறுவனத்தின் எந்த அறிக்கையிலும் இல்லை.

பிறகு பொன்னுரங்கம் என் மேசைக்கு வந்தார். நான் திட்டு வாங்கத் தயாராக இருந்தேன். "நீங்க பண்ணது சரியான வேலைதான் சார். தப்பான எடத்துல பண்ணிட்டீங்க" என்றார். கொஞ்ச தூரம் போய்த் திரும்பி, "அந்த இருவது நிமிஷம் எங்க போச்சுன்னு மட்டும் ஒரு நாள் சொல்லுங்க" என்றார். பதினோரு ஆண்டுகள் பக்கத்துப் பக்கத்து மேசையில் இருந்தோம். நான் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். டீ குடித்துக்கொண்டிருந்தேன். வேறு யாராவது ஒப்புக்கொள்கிறார்களா என்று பார்த்துக்கொண்டும் இருந்தேன்.

மறுநாள் அவர் ஆலைக்குப் போய் ஏழுமலையோடு அரை நாள் நின்றார். திரும்பி வந்து அட்டவணையில் இரண்டு நெடுவரிசைகளைச் சேர்த்தார். ஒன்று, கதவுச் சென்சாரின் வகை: நேர் அல்லது எதிர். மற்றொன்றின் தலைப்பு "காரணம்". ஆறாம் எண்ணுக்கு எதிரே, காரணம் என்ற கட்டத்தில், "ஏழுமலை காட்டினார், நானும் பார்த்தேன்" என்று எழுதினார். அன்றிலிருந்து காரணம் எழுதாத எந்த மாற்றத்தையும் அவருடைய நிரல் படிக்க மறுத்தது.

அடுத்து அவர் செய்ததுதான் அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது. தானாக உருவான கோப்புகளைச் சேர்த்துவைக்கும் வழக்கத்தை நிறுத்தினார். தினமும் மாலை நான்கு மணிக்கு அந்தக் கோப்புறை முழுவதும் அழியும். பிறகு அட்டவணையிலிருந்து எல்லாம் புதிதாகப் பிறக்கும். இருமுறை பிறக்கவைத்து இரண்டும் ஒன்றாக இருக்கின்றனவா என்று இயந்திரமே பார்க்கும். அதன்பின்தான் பில்டு. யாராவது கையால் எதையாவது செருகியிருந்தால் அது நான்கு மணியோடு சரி.

டெய்சி அவருக்குக் குப்பை வண்டி என்று பெயர் வைத்தார். மூன்றே முக்காலுக்கு அறைக்குக் கேட்கும்படி அறிவிப்பார்: "குப்ப வண்டி வருது, அவங்கவங்க ஃபைல எடுத்து உள்ள வெச்சுக்குங்க!"

"எடுத்து வெக்கிற மாதிரி ஏதாச்சும் இருந்தா அது அட்டவணைல இருக்கணும் டெய்சி."

"ஒரே ஒரு எழுத்துதான் அண்ணே."

"ஒரே ஒரு எழுத்துக்குத்தான் நாலு மணி வெச்சிருக்கேன். நெறைய எழுத்துன்னா ரெண்டு மணிக்கே அழிச்சிருப்பேன்."

எம்.டி.க்கும் அவருக்கும் நடந்த ஒரே பெரிய சச்சரவு இந்தக் காலத்தில் வந்தது. தானாக உருவாகும் ஒவ்வொரு கோப்பின் தலையிலும் உருவான தேதியும் நேரமும், கூடவே எம்.டி.யின் பெயரும் வரவேண்டும் என்பது நிறுவனம் தொடங்கிய நாளில் எம்.டி. இட்ட கட்டளை. நேரம் நொடிக்கு நொடி மாறும். ஆகவே எதுவும் மாறாத நாளிலும் எல்லாக் கோப்பும் மாறியதாகவே இயந்திரம் சொல்லும். உண்மையான மாற்றம் ஒன்று வந்தால் அது இந்தக் கூட்டத்தில் தொலைந்துபோகும். பொன்னுரங்கம் அந்த வரிகளை எடுத்துவிட்டார்.

"ஏம்பா பொன்னுரங்கம், என் பேர எடுத்துட்டியாமே?"

"நேரத்தத்தான் சார் எடுத்தேன். பேரு பக்கத்துல இருந்துச்சு."

"பேர் மாறாதே? அத விட்டிருக்கலாமே?"

"மாறாதத எதுக்கு சார் தெனம் எழுதணும்?"

எம்.டி. இதை யோசித்துக்கொண்டே அறைக்குள் போனார். அவர் இன்னமும் யோசித்துக்கொண்டிருப்பதாகவே நம்புகிறோம்.

ஒன்பதாம் எண் டிரம்மைப் பற்றியும் சொல்ல வேண்டும். வேறோர் ஆலையில் அந்த டிரம்மை விற்றுவிட்டார்கள். அது லாரியேறி வாணியம்பாடிக்குப் போய்விட்டது. அட்டவணையிலிருந்தும் நீக்கிவிட்டோம். ஆனால் முன்பு அதற்காக உருவான கோப்பு எங்கள் கோப்புறையிலேயே கிடந்தது. அதையும் சேர்த்தே பில்டு கட்டிக்கொண்டிருந்தோம். ஒன்பதாம் எண் டிரம் பதில் சொல்லவில்லை என்று ஆலையின் திரையில் தினமும் எச்சரிக்கை வந்தது. அந்த ஆலையின் சூப்பர்வைசர் ஒழுங்கானவர். பல மாதம் தினசரிப் பதிவேட்டில் "எண் 9: ஓய்வு" என்று எழுதி வந்தார். நான்கு மணி வழக்கம் வந்த முதல் நாளே அந்தக் கோப்பு அழிந்தது, அட்டவணையில் இல்லாததால் மறுபடி பிறக்கவும் இல்லை. எச்சரிக்கை நின்றது. சூப்பர்வைசர் தொலைபேசியில் அழைத்து, ஒன்பது சரியாகிவிட்டதா என்று கேட்டார்.

அவரிடம் குறையே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஒருமுறை டெய்சி மூன்று நாள் உட்கார்ந்து கையால் எழுதிய ஒரு கோப்பைத் தெரியாமல் அந்தக் கோப்புறையில் வைத்துவிட்டார். நான்கு மணிக்கு அதுவும் போயிற்று. தவறு டெய்சியுடையது என்று எம்.டி. தீர்ப்புச் சொன்னார். பொன்னுரங்கம் ஏற்கவில்லை. "கையால எழுதினதும் தானா வந்ததும் ஒரே எடத்துல இருக்க விட்டது என் தப்பு" என்று சொல்லி, டெய்சிக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு, அதை மறுபடி எழுதி முடிக்கும்வரை இரண்டு நாள் உதவினார். பின்பு இரண்டு வகைக்கும் தனித்தனி இடம் ஒதுக்கினார். டெய்சி அவரைத் திட்டிக்கொண்டேயிருந்தார். அவர் அதையும் கேட்டுக்கொண்டே எழுதினார்.

வீட்டிலும் இப்படித்தானா என்று கலாவதி அவர்களிடம் ஒரு பொங்கலன்று கேட்டேன்.

"அத ஏன் கேக்கறீங்க! போன மாசத்து லிஸ்ட்ட பாத்து மளிக வாங்கக் கூடாது. அலமாரிய தொறந்து பாத்து புதுசா எழுதணும். ஒரு தடவ பழைய லிஸ்ட்டுல பருப்பு மட்டும் அடிச்சு ஒண்ணர கிலோன்னு எழுதினேன். கிழிச்சுப் போட்டாரு. தோஸ்த்துங்க வந்தா மட்டும் கேட்டாத்தான் வாய தொறப்பாரு, என்கிட்டன்னா கேக்காமயே தொறப்பாரு."

சிறுநீரகம் அவரைப் படுக்கவைத்தது இந்த ஆண்டுதான். அவர் மருத்துவமனையில் சேர்ந்த அதே வாரத்தில், ஏழுமலையின் ஆலை பத்தாம் எண்ணாக ஒரு புதிய டிரம்மை வாங்கியது. அதையும் ஏழுமலையின் பொறுப்பிலேயே விட்டார்கள். அட்டவணையில் அதைச் சேர்க்க வேண்டும். பத்தாம் எண்ணுக்கு எதிரே பதினாறு கட்டங்கள், ஒவ்வொன்றுக்கும் காரணம். எம்.டி.க்கு அவசரம். ஆறாம் டிரம்முக்காகத் தானாக உருவான கோப்பைப் பிரதியெடுத்து, உள்ளே ஆறு என்று இருந்த இடங்களிலெல்லாம் பத்து என்று மாற்றி, அதே கோப்புறையில் வைத்தார். பில்டு தடையில்லாமல் முடிந்தது. நான்கு மணிக்கு அழிந்தது. மறுநாள் மறுபடி வைத்தார். மறுபடி அழிந்தது. மூன்றாம் நாள், பொன்னுரங்கம் அவர்கள் பூரண குணமடைந்து திரும்பும்வரை, அன்றாட அழிப்பை நிறுத்திவைப்பதாக நிறுவனம் சுற்றறிக்கை வெளியிட்டது. படித்தேன் என்பதற்கு அடையாளமாக எல்லோரும் கையெழுத்திட்டோம். என் கையெழுத்து நான்காவது.

அடுத்த வாரம் நான் மருத்துவமனைக்குப் போனேன். அவர் மெலிந்திருந்தார். குரல் மட்டும் அப்படியே இருந்தது.

"நாலு மணிக்கு அழியுதா சார்?"

"அதெல்லாம் பார்த்துக்கறோம்" என்றேன்.

"நீங்க ஒண்ணும் பாக்க வேணாம். அது மெஷினே பண்ணும். நான் இருந்தாத்தான் நடக்கும்னு ஒரு வேலைய நான் வெச்சிருந்தா அது என் தப்பு. நீங்க யாரும் நிறுத்தாம இருந்தா போதும்."

நான் தலையாட்டினேன். அவர் திருப்தியாகக் கண்ணை மூடிக்கொண்டார். அதுவே அவர் என்னிடம் கடைசியாகப் பேசியது. கலாவதி அவர்கள் வாசல்வரை வந்து, "ஆபீஸ பத்தி பேசினா கொஞ்சம் தெம்பா இருக்குறாரு, அடிக்கடி வாங்க" என்றார். நான் மறுபடி போகவில்லை.

சனிக்கிழமை நண்பகலில் வாலாஜாபேட்டையில், பாலாற்றங்கரை இடுகாட்டில் அவரை அடக்கம் செய்தோம். ஆம்பூரிலிருந்து அந்தக் கட்டிங் மாஸ்டர் வந்திருந்தார். வயதாகிவிட்டது. மண் தள்ளி முடியும்வரை நின்றிருந்துவிட்டுப் போனார். எம்.டி. சிறிது நேரம் பேசினார். பொன்னுரங்கம் ஓர் உருவாக்குநர் என்றார். தவறு இல்லை என்றாலும், அவருடைய நான்கு மணியைத் தெரிந்த நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

ஏழுமலை பணி உடையோடே வந்திருந்தார். என்னைத் தனியே அழைத்தார்.

"திங்கக்கெழம பத்தாம் நம்பருக்குப் புதுசு ஏத்தறாங்களாமே?"

"ஆமாண்ணே."

"அவரு இல்லியே. யாரு பாத்தாங்க?"

"நாங்க எல்லாரும் பார்க்கறோம்."

"எல்லாருன்னா இன்னா அர்த்தம்? எனக்கு ஒரு பேரு சொல்லுபா. கதவுக்கு முன்னாடி நிக்கறது நான் ஒருத்தன்தானே, எல்லாரும் இல்லியே."

பக்கத்தில் வந்த எம்.டி. தாழ்ந்த குரலில், "இந்த ஒரு தடவ இருக்கறத அப்டியே அனுப்பிடலாம். அவரோட ஞாபகமா, சொன்ன தேதியில போய்ச் சேரட்டும்" என்றார்.

"அழிச்சுப் பார்த்துட்டு அனுப்பறேன் சார்" என்றேன்.

"அழிச்சா பத்து போய்டுமேபா!"

"போகட்டும் சார்."

எம்.டி. ஏழுமலையைப் பார்த்தார். ஏழுமலை எம்.டி.யைப் பார்த்தார். எம்.டி. காரை நோக்கி நடந்தார். நான் ஏழுமலையிடம் என் பெயரைச் சொன்னேன்.

அங்கிருந்து நேராக அலுவலகம் போனோம், டெய்சியும் நானும். அறிவிப்புப் பலகையிலிருந்து சுற்றறிக்கையைக் கழற்றி மடித்துப் பையில் வைத்துக்கொண்டார் டெய்சி. நான் பொன்னுரங்கத்தின் இயந்திரத்தில், மூன்று வாரமாக நிறுத்திவைத்திருந்த கட்டளையை ஓடவிட்டேன். கோப்புறை காலியாயிற்று. ஒன்று முதல் ஒன்பதுவரை வரிசையாகப் பிறந்தன. பத்து பிறக்கவில்லை. பில்டு நின்றது. அட்டவணையில் பத்தாம் எண் இல்லை என்று திரை சொன்னது. அதற்குக் கீழே அவர் எழுதிவைத்த ஒரு வரி இருந்தது: "ஆலைக்குப் போன் செய்து கேட்கவும்."

கேட்டேன்.

"ஏழுமலை அண்ணே, பத்தாம் நம்பர் கதவு சென்சார் எப்படி? நேரா, எதிரா?"

"நேராத்தான். ஆறு மாதிரி இல்ல. புது டிரம்மு இல்லியா, ஒழுங்கா போட்டிருக்கான்."

எம்.டி. பிரதியெடுத்தது ஆறாம் எண்ணை; அந்தப் பிரதி போயிருந்தால், பத்தின் கதவு திறந்திருக்கும்போது மூடியிருப்பதாகவே பெட்டி எடுத்துக்கொண்டிருக்கும். டெய்சி நாற்காலியை இழுத்துப் போட்டு அட்டவணையைத் திறந்தார். பதினாறு கட்டங்களில் முதலாவதில் "நேர்" என்று எழுதி, காரணம் என்ற இடத்தில் ஏழுமலையின் பெயரையும் என் பெயரையும் எழுதினார். பொன்னுரங்கம் அரை நாளில் முடித்திருக்கக்கூடிய மிச்சம் பதினைந்துக்கு எங்களுக்கு நான்கு நாள் ஆயிற்று. ஒவ்வொன்றுக்கும் ஆலைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தோம்.

பொன்னுரங்கம் அவர்களே, சென்று வாருங்கள். நீங்கள் வைத்துப்போன வேலை நீங்கள் இல்லாமலே நடக்கிறது. உங்களுக்கு அதில் வருத்தம் இராது என்று தெரியும்.

திங்கட்கிழமை ஏற்ற வேண்டிய மென்பொருளை வியாழக்கிழமை காலை பத்தேகாலுக்கு ஏற்றினோம். இடையில் மூன்று நாள், பத்தாம் எண் டிரம்மின் அமில வால்வை ஏழுமலை கையால் திறந்து மூடினார்.